நீலகிரிக் கற்குவைகளும் கிரேக்க ஒப்பீடும்

நீலகிரி மலையின் புல்வெளி முகடுகளில் காணப்படும் பழைய ஈமச்சின்னங்கள் கற்குவைகள் எனப்படும். அடிவாரத்துக் கொங்கு நாட்டில் பரவலாக உள்ள கற்பதுக்கையும் முதுமக்கள் தாழியும் மலைமேல் முதலிடம் பெறவில்லை. நாற்புறமும் பார்வை எட்டும் மேட்டின் உச்சியில் கல்லை வட்டமாக அடுக்கி, நடுவில் குழி எடுத்து, சுட்ட எலும்பையும் கரியையும் பானைகளையும் இரும்புக் கருவிகளையும் இட்டு மூடுவதே இம்மலையின் வழக்கம். சில குழிகளில் வெண்கலக் கிண்ணமும் தங்க நகையும் மணிகளும் கிடைத்தன. 19ஆம் நூற்றாண்டில் இவற்றைத் தோண்டிய ஆங்கிலேயர் பள்ளியில் கிரேக்கமும் இலத்தீனும் படித்து வந்தவர்கள். ஆகவே இம்மலையின் பழமையை அவர்கள் ஹோமரையும் ஹெரோடோட்டசையும் வைத்தே அளந்தனர். அந்த அளவுகோல் எங்கே உதவியது, எங்கே வழி தவறச் செய்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வகைகள்

கற்குவைகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பர். முதலாவது கிணற்றுச் சுற்றுக் குவை. வெளியிலிருந்து பார்த்தால் தரைக்குமேல் எழும்பிய கிணற்றின் கைப்பிடிச் சுவர் போலவே இருக்கும். காரை இல்லாமல் கல்லின்மேல் கல் ஏற்றிக் கட்டிய வட்டச் சுவர், உட்புறம் மண் நிரம்பியது. இரண்டாவது மண்குவை: கல்லுக்குப் பதிலாக மண்ணைக் குவித்து, சுற்றிலும் அகழி வெட்டியது. மூன்றாவது எளிய கல்வட்டம். பெருங்கற்களைத் தரையில் வட்டமாகப் பதித்து, நடுவே சிறுகல் பரப்பியது. முதல்வகை மலையின் உயர்ந்த பகுதிகளில் மிகுதி.

இவற்றோடு சேர்த்துப் பேசப்படும் கல்திட்டைகள் வேறு இனம். மேலூர், சோளூர், கோத்தகிரிக்கு அருகே பனகுடிச் சோலை ஆகிய இடங்களில் உள்ள திட்டைகளின் பலகைக் கற்களில் வில்லேந்திய வீரரும், மாடும், கை கூப்பிய பெண்டிரும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளனர். இவை சமவெளி வீரக்கற்களின் வழிவந்தவை, கற்குவைகளுக்குப் பிந்தியவை. பனகுடித் திட்டைகளுக்குக் குறும்பர் இன்றும் வழிபாடு செய்கின்றனர். கற்குவையைக் கும்பிடுவார் எவரும் இல்லை. உரிமை கொண்டாடுவார் இல்லாத அந்த நிலைதான் கற்குவைகளைப் பற்றி யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம் என்ற நிலையையும் உண்டாக்கிற்று.

தோண்டியவர்கள்

நீலகிரியில் ஏதோ பழைய உறவைத் தேடி ஏறிய முதல் ஐரோப்பியர் ஆங்கிலேயர் அல்லர். 1603-இல் மலபாரிலிருந்து யாக்கோபோ ஃபெனீசியோ என்னும் இயேசு சபைப் பாதிரியார் மலையேறினார். மலைமேல் பழங்காலக் கிறித்தவர்கள் மறைந்து வாழ்கின்றனர் என்ற பேச்சை நம்பி வந்தவர் அவர். கண்டது மலைவாழ் மக்களான தோடரையும் படகரையும். கிறித்தவர் ஒருவரும் அகப்படவில்லை, திரும்பிவிட்டார். தன் ஆட்களைத் தேடி நீலகிரிக்கு வருவது என்ற வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் இவரே எனலாம்.

1819-இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சலிவன் மலையேறியபின் குடியேற்றம் பெருகிற்று. கூடவே குவை தோண்டும் பொழுதுபோக்கும் பெருகிற்று. வேட்டைக்கு வந்த படை அதிகாரிகளும் ஓய்வுக்கு வந்த துரைகளும் காப்பித் தோட்டக்காரர்களும் கூலியாட்களை வைத்துத் தோண்டினர். எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் எது இருந்தது என்று குறித்துவைத்தோர் மிகக் குறைவு. பானை உடைந்தால் எறிந்துவிட்டு வெண்கலத்தை மட்டும் கொண்டு போயினர்.

1847-இல் படைத்தலைவர் ஹென்றி காங்கிரீவ் சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய, அறிவியல் ஆய்விதழில் நீலகிரித் தொல்பொருள் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். தோடரே இக்குவைகளை எழுப்பியவர்கள், தோடர் சித்தியர் வழிவந்தவர்கள் என்பது அவர் முடிவு.

ஒழுங்கான தொகுப்பு என்று சொல்லத்தக்கது ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் செய்தது. 1868-இல் நீலகிரி தனி ஆணையரின்கீழ் வந்தபோது முதல் ஆணையராக அமர்ந்தவர் இவர். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் அறங்காவலர்கள் பழங்குடியினரின் ஆயுதம், அணி, கருவி முதலியவற்றைச் சேகரித்துத் தரும்படி கேட்டிருந்தனர். அதையே வாய்ப்பாகக் கொண்டு பிரீக்ஸ் பல முகடுகளில் குவைகளைத் திறந்தார்; எந்த முகட்டில் எது கிடைத்தது என்று பட்டியலிட்டார்; புகைப்படம் எடுப்பித்தார். 1872-இல் அவர் இறந்தார். மனைவி சூசன் குறிப்புகளைத் தொகுத்து 1873-இல் நீலகிரியின் பழங்குடிகளும் நினைவுச்சின்னங்களும் பற்றிய நூலாக வெளியிட்டார். உதகையில் உள்ள பிரீக்ஸ் பள்ளி இவர் பெயரால் அமைந்தது.

காலப் பொருத்தம் ஒன்று கவனிக்கத்தக்கது. பிரீக்சின் நூல் வெளிவந்த அதே 1873-இல்தான் ஹைன்ரிஷ் ஷ்லீமன் துருக்கியின் ஹிசார்லிக் மேட்டில் தங்கப் புதையலை எடுத்து, அது டிராய் மன்னன் பிரையமின் செல்வம் என்று உலகுக்கு அறிவித்தார். புதையல் பிரையமின் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்குமேல் முற்பட்டது என்பது பின்னரே தெரிந்தது. 1876-இல் அவர் மைசீனியில் மன்னர் கல்லறைகளைத் திறந்து தங்க முகமூடிகளைக் கண்டார். அதே ஆண்டு பெர்லினிலிருந்து வந்த ஃபெடோர் யாகோர் ஆதிச்சநல்லூரில் தாழிகளைத் தோண்டி எடுத்துச் சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ அங்கே கண்டெடுத்த தங்க நெற்றிப் பட்டங்களை மைசீனியப் பட்டங்களுக்கு ஒப்பிட்டு எழுதினர். கதை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணைத் தோண்டுவது அன்றைய முறை. ஷ்லீமன் கையில் இருந்தது ஹோமர். காங்கிரீவ் கையில் இருந்தது சித்தியர் கதை. பிரீக்ஸ் கையில் பட்டியல் இருந்தது. அதனால்தான் அவருடைய நூல் இன்றும் பயன்படுகிறது.

பொருள்கள்

கற்குவைகளின் தனி அடையாளம் மூடிகளின்மேல் அமைந்த சுடுமண் உருவங்கள். பானைகள் உயரமானவை, ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்தது போலப் பல அடுக்காக எழும்புபவை. ஒவ்வொன்றுக்கும் மூடி, மூடியின் உச்சியில் பிடிக்குப் பதிலாக ஓர் உருவம். கையால் பிசைந்து, குச்சியால் கீறி, புள்ளி குத்திச் செய்தவை. எருமை மிகுதி. வளைந்த கொம்பும், கழுத்தில் தொங்கும் மணியும் தெளிவாகத் தெரியும். குதிரை உண்டு, அதன்மேல் ஆள் உண்டு. யானை, சிறுத்தை, ஆடு, கோழி, தலையில் குடம் ஏந்திய பெண் என வரிசை நீளும். சமவெளிப் பெருங்கற்காலக் கல்லறைகளில் இப்படி ஓர் உருவக்கூட்டம் கிடைத்ததில்லை. அழகு என்று பார்த்தால் கரடுமுரடான வேலைதான். ஆனால் எருமையின் நடையைத் தினம் பார்த்தவன் கை அது என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

இரும்பில் ஈட்டிமுனை, அரிவாள், கத்தி, கத்தரி ஆகியவை கிடைத்தன. சூதுபவள மணிகளும் கண்ணாடி மணிகளும் உண்டு. எல்லாவற்றையும்விட அறிஞர்களை ஈர்த்தவை வெண்கலக் கிண்ணங்கள். மெல்லிய தகடு, சிலவற்றின் உள்ளடியில் தாமரை இதழ்கள் விரிய நடுவே குமிழ். மூடி உருவங்களைச் செய்த கையும் இக்கிண்ணங்களைச் செய்த கையும் ஒன்றாக இருக்க முடியாது என்று முதலில் பார்த்தவர்களே எழுதிவிட்டனர். அடுத்த கேள்வி, அப்படியானால் எங்கிருந்து வந்தது என்பது. மத்தியதரைக் கடல், மெசபொத்தேமியா, தட்சசீலம் என்று விடைகள் குவிந்தன.

இங்கேதான் கிரேக்க நூல் ஒன்று உண்மையாகவே உதவியது. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்கஸ் சிந்து நாட்டில் கண்டவற்றை எழுதிவைத்தான். அவன் நூல் அழிந்துவிட்டது. ஸ்ட்ராபோ தம் புவியியலின் 15ஆம் நூலில் அதன் செய்திகளை எடுத்தாள்கிறார். இந்தியர் அடித்த வெண்கலத்தைப் பயன்படுத்துவதில்லை, வார்த்த வெண்கலத்தையே பயன்படுத்துகின்றனர். அந்தப் பாத்திரம் கீழே விழுந்தால் மண்சட்டி போல உடைந்துவிடும் என்பது ஒரு செய்தி. காரணம் சொல்லப்படவில்லை. நெடுங்காலம் இதை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே கருதினர்.

உலோகவியல் அறிஞர் சாரதா ஸ்ரீனிவாசன் 1990களில் ஆதிச்சநல்லூர், நீலகிரிக் கிண்ணங்களின் நுண்ணமைப்பை ஆராய்ந்தபோது காரணம் தெளிவாயிற்று. சாதாரண வெண்கலத்தில் வெள்ளீயம் பத்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். இக்கிண்ணங்களில் 22 முதல் 25 விழுக்காடு வரை. இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலத்தை வார்த்து அப்படியே ஆறவிட்டால் கண்ணாடி போல் நொறுங்கும். குளிர்ந்தபின் ஒரு தட்டுத் தட்டவும் இடம் தராது. ஆனால் செந்நிறமாகப் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே அடித்து மெலியவைத்து, சட்டென்று தண்ணீரில் தோய்த்தால் உறுதியும் பொன்னிறமும் வரும். தட்டினால் மணி போல ஒலிக்கும். சூடு சற்று இறங்கியபின் ஓர் அடி கூடுதலாக விழுந்தாலும் விளிம்பில் விரிசல் ஓடும். மீண்டும் உலையில் ஏற்ற வேண்டும். இந்தக் கைவேலை கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் அண்மைக்காலம் வரை உயிரோடு இருந்தது. ஆறன்முளைக் கண்ணாடி இன்னும் அதிகமாக, ஏறத்தாழ 33 விழுக்காடு வெள்ளீயம் கொண்ட, இதன் உறவு வேலை.

ஆக நியார்கஸ் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் சாட்சி சொன்னது கிண்ணம் கிரேக்கத்திலிருந்து வந்தது என்பதற்கு அன்று. கிரேக்கருக்கு அறிமுகமில்லாத உலோகத் தொழில் ஒன்று இந்தியாவில் இருந்தது என்பதற்கு. வெள்ளீயம் நீலகிரியில் கிடைக்காது. ஆதலால் கிண்ணமோ உலோகமோ கீழ்நாட்டிலிருந்துதான் ஏறியிருக்க வேண்டும். அந்தக் கீழ்நாடு தென்னாடே.

காலம்

கற்குவைகளின் பெரும்பகுதி கிறித்து பிறந்தபின் முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சில அதற்கு முந்தியவை. இக்கணிப்பும் யவனர் எனப்பட்ட கிரேக்க, உரோமர் தயவில் பிறந்ததே. 1945-இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டி, இத்தாலியிலிருந்து வந்த பானை ஓடுகளைக் கொண்டு அடுக்குகளுக்குக் காலம் குறித்தார். 1947-இல் பிரம்மகிரியில் அந்த அளவையே நீட்டித் தென்னிந்தியப் பெருங்கற்காலக் கல்லறைகளைக் கி.மு. 200-ஐ ஒட்டித் தொடங்கவைத்தார். கரிமக் கணிப்பு வந்தபின் அந்த வாசல் பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 எனத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. யவன ஓடு இல்லாத இடத்தில் காலமே இல்லை என்ற நிலை இத்துடன் முடிந்தது.

தோடர் தோற்றம் பற்றிய கொள்கைகள்

கற்குவை யாருடையது என்ற கேள்வியோடு தோடர் யார் என்ற கேள்வியும் பிணைந்தே வளர்ந்தது. உயர்ந்த உடல், எடுப்பான மூக்கு, நீண்ட தாடி, தோளில் சுற்றிய புத்துக்குளி ஆகியவற்றைக் கண்ட ஐரோப்பியர் தத்தம் பாடப்புத்தகங்களைப் புரட்டினர். 1832-இல் நூல் எழுதிய ஹென்றி ஹார்க்னஸ் உரோமானிய மூக்கு என்றார். புத்துக்குளி டோகாவாயிற்று. இசுரேலின் காணாமற்போன குலம் என்றோரும் உண்டு. காங்கிரீவ் சித்தியர் என்றார்.

சித்தியரைப் பற்றி ஐரோப்பா அறிந்திருந்ததில் பெரும்பங்கு ஹெரோடோட்டசின் நான்காம் நூலிலிருந்து வந்தது. சித்திய மன்னன் இறந்தால் அவனோடு ஏவலரையும் குதிரைகளையும் கொன்று புதைத்து, பொற்கிண்ணங்களை வைத்து, மேலே பெரும் மண்மேடு எழுப்புவர் என்று அவர் விரிவாக எழுதுகிறார். நீலகிரிக் குழியில் குதிரை உருவமும் கிண்ணமும் மேலே குவையும் இருந்தன. படித்தவர் கண்ணுக்குப் பொருத்தம் கச்சிதமாகத் தெரிந்தது. இலியத்தின் 23ஆம் காண்டத்தில் பட்ரோக்ளசின் உடலை எரித்து, எலும்பைப் பொறுக்கிப் பொற்கலத்தில் இட்டு, மேடு எழுப்பும் இடமும் அவர்களுக்கு மனப்பாடம். எரித்து, எலும்பு பொறுக்கி, மேடு போடுவது உலகின் பல மூலைகளில் தனித்தனியே நடந்த காரியம் என்பதை ஒப்பிடுவோர் எளிதில் மறந்துவிட்டனர்.

மறுப்புகள் எளியவை. தோடர் மண்பாண்டம் செய்வதில்லை. அதைச் செய்து தந்தவர்கள் கோத்தர். தோடர் மரபில் குதிரைக்கு இடமில்லை. பச்சைச் சாவு, வறட்சாவு என்னும் இருகட்ட ஈமச்சடங்கு இம்மலை மக்களிடையே வழங்கியது; அதில் முகட்டுக் குவை வருவதில்லை. கல்லறைகளை எழுப்பியவர்கள் தோடர் அல்லர் என்பதே பொருந்துகிறது.

மொழி பற்றிய முடிவு இன்னும் உறுதியானது. 1873-இல் மண்டையோட்டியலாளர் வில்லியம் மார்ஷல் தோடர் பற்றி எழுதிய நூலின் பின்னிணைப்பாக ஜி. யு. போப் தோட மொழியின் இலக்கணச் சுருக்கத்தைத் தந்தார். 1850களின் இறுதி முதல் 1870 வரை உதகையில் பள்ளி நடத்தியவர் போப். மார்ஷல் தலையை அளந்துகொண்டிருந்த அதே நூலில், தோட மொழி திராவிட மொழியே என்று போப் வினைமுற்றுகளைக் கொண்டு காட்டினார். மார்ஷலின் அளவுகளை இன்று எவரும் திறந்து பார்ப்பதில்லை. 1906-இல் வெளிவந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்சின் பெருநூல் தோடருக்கு மலபார் உறவு கற்பித்தது. தோடமும் கோத்தமும் தமிழோடு ஒரே கிளையிலிருந்து, கிறித்துவுக்கு முன்பே பிரிந்தவை என்று மொழியறிஞர் எமனோ பின்னர் நிறுவினார். எழுத்துச் சான்றில் தோடர் பெயர் முதலில் வருவது 1117-இல், போசள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசனின் கல்வெட்டில். தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டதாக அது பெருமை பேசுகிறது.

இந்த வரிசையில் கடைசியாக வந்தவர் மெய்யாகவே கிரேக்க அரச குடும்பத்தவர். கிரேக்க, டென்மார்க் இளவரசர் பீட்டர் (1908–1980) லண்டனில் மாலினோவ்ஸ்கியிடம் மானிடவியல் பயின்றவர். ஒரு பெண் பல கணவரை மணக்கும் வழக்கத்தை ஆராய 1939-இல் நீலகிரிக்கு வந்தார். போர் முடிந்தபின் 1949-இல் மீண்டும் வந்தார். தோடரின் பால்மனை வழிபாட்டில் ஓதப்படும் பெயர்களில் சுமேரியத் தெய்வப் பெயர்கள் ஒளிந்துள்ளன என்று 1951-இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டில் எழுதினார். ஆங்கிலேயர் தோடரிடம் உரோமானியரையும் சித்தியரையும் தேட, கிரேக்க இளவரசர் சுமேரியரைத் தேடினார். அவருடைய நிலைத்த பங்களிப்பு 1963-இல் வெளியிட்ட பல்கணவர் மணம் பற்றிய ஆய்வு நூல். சுமேரியக் கருத்தை ஒதுக்கிவிடலாம்.

யவன வணிகம்

கிரேக்கர் நீலகிரியில் ஏறியதற்குச் சான்று இல்லை. அதன் அடிவாரத்தைச் சுற்றி வந்ததற்கு நிறைய உண்டு. பெயர் தெரியாத கிரேக்க வணிகன் முதல் நூற்றாண்டில் எழுதிய எரித்திரேயக் கடற்பயணக் கையேடு முசிறியையும் மிளகையும் பேசுகிறது. முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கில் நுழைந்து கரூர் செல்லும் பெருவழி நீலகிரியின் தென்காலடியில் கிடக்கிறது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. படியூரில் நீலப்பச்சைக் கல் வெட்டினர்; கொடுமணலில் பட்டை தீட்டினர். இரண்டாம் நூற்றாண்டுத் தாலமி நீலப்பச்சைக் கல் கிடைக்கும் புன்னாட்டைக் குறிப்பிடுகிறார். அது நீலகிரிக்கு வடக்கே கபினிக் கரை நாடு.

வியன்னாவில் உள்ள கிரேக்கத் தாள்சுவடி ஒன்று, ஹெர்மபோலோன் என்னும் கப்பல் முசிறியிலிருந்து ஏற்றிவந்த சரக்கின் மதிப்பைக் கணக்கிடுகிறது. 1985-இல் இது வெளியானபின் யவன வணிகம் பற்றிய பேச்சு பழம்பாடல் அளவில் நிற்காமல் கணக்கேட்டு அளவுக்கு வந்தது. எகிப்தின் செங்கடல் துறைகளில் தமிழ்ப் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. போனவர் இருபுறமும் போயினர்.

கண்டீரக்கோப் பெருநள்ளியின் தோட்டிமலை நீலகிரியே என்று கொள்வோர் உளர். அவ்வாறாயின் வள்ளல் எழுவருள் ஒருவனுடைய குடிகளே இக்குவைகளில் சிலவற்றுக்கு உரியவராகலாம்.

வாய்மொழிப் பாடலும் ஹோமர் ஆய்வும்

கிரேக்க ஒப்பீடு மிகுந்த பயன் தந்த துறை இதுவே. கனடாவில் பிறந்த மர்ரே பார்ன்சன் எமனோ (1904–2005) கிரேக்கமும் இலத்தீனும் முறையாகப் பயின்றவர். ஏல் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்துக்கொண்டே வடமொழியில் முனைவர் பட்டம் பெற்றவர். எட்வர்ட் சபீரின் தூண்டுதலால் 1935-இல் நீலகிரிக்கு வந்து, 1938 வரை தோடம், கோத்தம் முதலிய மொழிகளை ஆராய்ந்தார். கோத்த மொழிக் கதைகளை 1940களில் நான்கு பகுதிகளாகவும், தோடப் பாடல்களை 1971-இல் பெருந்தொகுதியாகவும், தோட இலக்கணத்தை 1984-இலும் வெளியிட்டார். தாமஸ் பர்ரோவுடன் இணைந்து 1961-இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியால் தமிழ் வாசகர் இவரை அறிவர்.

அவர் நீலகிரிக்கு வந்த 1935-இல்தான் அமெரிக்கக் கிரேக்க அறிஞர் மில்மன் பாரி இளவயதில் இறந்தார். யூகோஸ்லாவியாவில் எழுதப்படிக்கத் தெரியாத பாணர்கள் ஆயிரக்கணக்கான அடிகளைப் பாடும்போதே இயற்றுவதை ஒலிப்பதிவு செய்து, ஹோமரின் காவியமும் இவ்வாறு எழுந்ததே என்று காட்டியவர் அவர். அக்கிலீசுக்கும் ஒடிசியசுக்கும் திரும்பத் திரும்ப வரும் நிலையான அடைமொழிகள் கவிஞனின் வறுமை அல்ல. பாடுகிறவன் மூச்சு வாங்காமல் அடியை நிரப்பக் கையில் வைத்திருக்கும் ஆயத்தத் தொடர்கள் என்பது அவர் கண்டது. அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960-இல் இதை நூலாக்கினார்.

தோடப் பாடல் இக்கொள்கைக்கு ஒரு தனிச் சான்று. தோடருள் பாணர் என்று ஒரு குலம் இல்லை. ஆணும் பெண்ணுமாக எவரும் இயற்றுவர். சாவு, திருமணம், கருவுற்ற பெண்ணுக்கு வில் கொடுக்கும் சடங்கு, எருமை, மந்து என்னும் தோடர் ஊர், பால்மனை என வாழ்வில் நிகழும் எதுவும் பாடலாகும். பாடல் சிறுசிறு அசைக்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு கூறுக்கும் மரபு வகுத்த இணைக்கூறு உண்டு. ஒரு மந்தின் பெயரைச் சொன்னால் அதன் இணை மந்தின் பெயரும் வந்தாக வேண்டும்; ஓர் எருமையைச் சொன்னால் அதன் ஜோடியும் வரும். இந்த இணைகளைச் சிறுவயது முதல் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டவர், நேற்று நடந்த செய்தியை இன்று பாடலாக்க முடியும். எமனோ 1958-இல் தென்னிந்திய வாய்மொழிக் கவிஞர்கள் பற்றி எழுதிய கட்டுரை இதை உலகுக்கு அறிமுகப்படுத்திற்று. பாரி கண்ட பாணர் தொழில்முறைப் பாடகர். இங்கே ஒரு சமூகம் முழுவதும் கவிஞர். ஹோமர் ஆய்வாளர் இதற்கு இன்னும் உரிய இடம் தரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஒப்பீட்டைச் சங்க இலக்கியத்துக்குக் கொண்டுவந்தவர் இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வழிகாட்டியவர் ஜார்ஜ் தாம்சன். எஸ்கிலசின் நாடகங்களை ஏதென்சின் சமூக வரலாற்றோடு பொருத்தி ஆராய்ந்த மார்க்சியக் கிரேக்க அறிஞர். தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய கைலாசபதியின் ஆங்கில நூல் 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தது. புறநானூற்றின் மீள்தொடர்களை ஹோமரின் தொடர்களோடு அவர் ஒப்பிட்டார். சங்கப் பாடல்களும் வாய்மொழியாக எழுந்தவையே என்றார். அவை பாணர் மரபைப் பின்பற்றிப் புலவர் எழுத்தில் இயற்றியவை என்று கருதுவோரும் உளர். அவர்கள் பார்வையில் கைலாசபதி ஓர் அடி கூடுதலாக வைத்துவிட்டார். ஆயினும் பாணனையும் கூத்தனையும் ஆய்வின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது அவர் சாதனை.

தத்துவம்

உதகையில் கிரேக்கச் சிந்தனை பேசப்பட்ட இடங்கள் இரண்டைக் குறிக்கலாம். ஒன்று போப்பின் மேசை. உதகையை விட்டுச் சென்றபின் அவர் 1886-இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் குறள் வெண்பாவின் சுருக்கத்துக்கு இணையாகக் கிரேக்கச் சிறுபாக்களையும் இலத்தீன் கவிஞர் மார்ஷியலையும் காட்டினார். மற்றொன்று ஃபெர்ன்ஹில் நாராயண குருகுலம். நாராயண குருவின் மாணவர் நடராஜ குரு 1923-இல் தொடங்கியது. பாரிசில் முனைவர் பட்டம் பெற்ற அவர், குருவின் அத்வைதத்தை மேலைத் தத்துவத்தின் உரையாடல் முறையோடு இணைத்து எழுதினார். அவருக்குப்பின் நித்ய சைதன்ய யதி 1999-இல் மறையும் வரை அங்கிருந்தார். தமிழில் கிரேக்கத் தத்துவத்தைப் பொதுவாசகரிடம் சேர்த்தவர் வெ. சாமிநாத சர்மா. பிளேட்டோவின் குடியரசை அவர் தமிழாக்கினார். கிரேக்க வரலாறும் எழுதினார்.

இன்றைய நிலை

பல குவைகள் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளும் தைல மரக் காடுகளுக்குள்ளும் அகப்பட்டுள்ளன. முறையான அகழாய்வு குறைவு. கோத்தகிரிக்கு அப்பால் கரிக்கியூர் பாறை ஓவியங்களில் வருகையாளர் பெயர் கிறுக்கிச் சிதைத்துள்ளனர்.

பிரீக்ஸ் சேகரித்தவற்றில் ஒரு பகுதி 1879-இல் அவர் மனைவி வழியாக லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தது. எல்ஜின் பிரபு ஏதென்சிலிருந்து பெயர்த்துச் சென்ற பார்த்தெனான் சிற்பங்கள் இருப்பதும் அதே கட்டடத்தில்தான். அவற்றைத் திருப்பித் தரும்படி கிரேக்க அரசு பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறது. நீலகிரிக் கிண்ணங்களுக்கு அத்தகைய குரல் எழவில்லை. எழ வேண்டும் என்பதில் ஐயமில்லை. கேட்பதற்குமுன் மீதமுள்ள குவைகளைக் கணக்கெடுத்து வேலியிடுவது மாவட்ட நிர்வாகத்தின் கடமை.

கற்குவைப் பானைகளும் மூடி உருவங்களும் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. மலைமக்களின் அன்றாடப் பொருள்களை உதகையை அடுத்த முத்தொரைப் பாலடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் காட்சியகத்தில் காணலாம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.